சட்டையோடு குதித்தவன்

ரங்கசாமியின் தாடையைக் கட்டுவதற்காக அவருடைய பழைய வேட்டியின் ஓரத்தைச் சொர்ணலட்சுமி பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்டது. அது யாருடைய செருப்பென்று தலை நிமிராமலே அவளுக்குத் தெரிந்தது. மூத்தார் சேதுபதி, புருசனுடைய அண்ணன். சின்னாளபட்டியின் அதே தெருவில் நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். தம்பி சினிமாப் படம் எடுத்த வருசத்திலிருந்து இந்த வாசலை மிதித்ததில்லை. நெஞ்சு கட்டி ரங்கசாமி இருமிய இருமல் இந்த மழைக்காலம் முழுக்க அவர் வீட்டுத் தறிக்குழி வரை கேட்டிருக்கும். அப்போதும் வரவில்லை. விடிகாலையில் இருமல் நின்றது. வெயில் ஏறுமுன் வந்துவிட்டார்.

வந்தவர் தம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான். துண்டை மறுபடி தோளில் போட்டபோது அவர் பழையபடி நெசவாளர் சங்கத்துத் தலைவராக ஆகியிருந்தார்.

"பெரிசா மேளதாளமெல்லாம் வேணாம். பின்தெரு வழியா ஓடைக்கு இறக்கிருவோம். கடைவீதிப் பக்கம் போனா ஆளாளுக்குப் பழசக் கிளப்புவான். உங்களுக்குப் பிள்ளை இல்ல, எஞ் சின்னவன் கொள்ளி வைப்பான். சொல்லிட்டேன்."

சொர்ணலட்சுமி துணியைத் தாடைக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். இருமி இருமிச் சிறுத்துப்போன முகம். முடிச்சுப் போட்டதும் பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கே சிரிப்பு வரும்போல் இருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தலைமாட்டில் பேச்சாயி உட்கார்ந்திருந்தாள். திண்டுக்கல் பூச்சந்தையில் பூக்கட்டி விற்கிறவள். கொல்லையில் சனாவுல்லா குளிப்பாட்டத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். பேகம்பூரில் தோல் பதனிடும் இடத்தில் வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தோல் வாடை கூடவே வரும். ராத்திரி முழுக்க இரண்டு பேரும் இங்கேதான் இருந்தார்கள். சேதுபதி அவர்களைப் பார்த்தும் பார்க்காதவராகச் சொன்னார்:

"நம்ம ஆளுக வர ஆரம்பிச்சிருவாங்க. இதுகளக் கெளம்பச் சொல்லு."

"அவங்க இருப்பாங்க மச்சான்."

"என்னத்த?"

"இருப்பாங்கன்னேன். உங்க சின்னவன் கொள்ளி வைக்க வேண்டாம். முத்து வருவான். உசுரு போன கையோட காஸ்பாருக்கு ஆளனுப்பி, அவனக் கூட்டியாரச் சொல்லிட்டேன்."

முத்து என்ற பெயரைக் கேட்டதும் சேதுபதி ஒரு எட்டு முன்னால் வந்தார். முத்துச்சாமி அவருடைய மூத்த மகன். அந்தப் பெயரை அவர் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

"எந் தம்பி சாகையில அப்புடிச் சொன்னானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செத்தவன் வாக்குக்கு மேல் அந்தத் தெருவில் யாரும் பேசமாட்டார்கள். சொர்ணலட்சுமிக்கு அது தெரியாமலில்லை.

"அவரு ஒண்ணும் சொல்லல" என்றாள். "நான் சொல்றேன்."

ரங்கசாமி தறியில் உட்காராத நெசவாளி. சின்ன வயதிலேயே டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராகப் போய்விட்டார். தாடிக்கொம்பு, ஆத்தூர், சித்தையன்கோட்டை என்று கொட்டகை எந்த ஊருக்கு மாறுகிறதோ அங்கே போவார். புரொஜக்டரில் கார்பன் குச்சி எரிகிற புகையை வருசக்கணக்கில் சுவாசித்துத்தான் நெஞ்சு கெட்டது என்று வைத்தியர் சொன்னார். கொட்டகையின் அடித்துணியைத் தூக்கிக்கொண்டு டிக்கெட் இல்லாமல் நுழைகிற பயல்களைப் பிடித்து உதைத்து அனுப்புவதும் ஆபரேட்டர் வேலையில் சேர்த்தி. ரங்கசாமி பிடிப்பார், உதைக்க மாட்டார். ஏலே, இந்தக் கதையில எது பொய்யின்னு சொல்லு பாப்போம் என்று கேட்பார்.

அப்படி அவரிடம் மாட்டியவர்கள்தான் அந்தக் கூட்டம். திண்டுக்கல் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் படுத்து, சரக்கு வண்டியில் சிந்துகிற வேர்க்கடலையும் வெல்லமும் பொறுக்கி, சில நாள் சிந்தாததையும் சிந்தவைத்துப் பிழைத்த பிள்ளைகள். எல்லாம் வீட்டைவிட்டு ஓடிவந்தவை. பூட்டுப் பட்டறை முதலாளியிடம் சுத்தியலால் அடிவாங்கி ஓடிவந்தவன் காஸ்பார். தகப்பன் இரண்டாந்தாரம் கட்டியதும் சனாவுல்லா கிளம்பிவிட்டான். பேச்சாயியைப் பேரன் பேத்தி எடுத்த ஒருவனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்திருந்தார்கள். தலைமுடியைத் தானே அறுத்துப் போட்டுவிட்டு, அண்ணனின் டிராயரை மாட்டிக்கொண்டு ரயிலேறினாள். அவள் பெண் என்று அந்தக் கூட்டத்துக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் அந்தக் கூட்டத்தோடு தன் அண்ணன் மகன் முத்துச்சாமியும் துணிக்கடியில் ஊர்ந்து வருவதை ரங்கசாமி பார்த்தார். தாயில்லாப் பிள்ளை. வீட்டைவிட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சேதுபதி கிணறு, குளமெல்லாம் தேடிவிட்டு, தொலைந்தான் சனியன் என்று உட்கார்ந்துவிட்டார். ரங்கசாமி பையனைத் தன் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தார். சோறு போட்டு, குளிக்கச் சொல்லிச் சொர்ணலட்சுமி சட்டையைக் கழற்றினாள். அன்றைக்கு இரவு புருசனும் பெண்டாட்டியும் சாப்பிடவில்லை. விடிந்ததும் பையன் மறுபடி ஜங்ஷனுக்கே ஓடிவிட்டான். ரங்கசாமி அண்ணனிடம் போய்ச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் அவர் படமெடுத்தார். 'கூட்ஸ் வண்டி' என்று பேர். பங்காக வந்த ஒரு தறியும் சொர்ணலட்சுமியின் கழுத்துச் சங்கிலியும் அதில் போயின. பட்டணத்து ஸ்டூடியோக்களில் மிச்சம் விழுந்த துண்டு பிலிமை வாங்கிவந்தார். காமிரா வாடகைக்கு. ஓடும்போது தையல் மிசின் மாதிரிக் கடகடக்கும். பேச்சையெல்லாம் பிறகு சேர்த்தார்கள். மலைக்கோட்டை அடிவாரம், புகையிலை மூட்டை அடுக்கும் கிட்டங்கி, ரயில்வே யார்டு, அணைப்பட்டி ரோட்டுப் புளியமரங்கள், எங்கே வெளிச்சம் இலவசமாகக் கிடைத்ததோ அங்கெல்லாம் எடுத்தார். சொர்ணலட்சுமி தினமும் ஒரு அண்டா சோறும் தொட்டுக்கொள்ள ஒரே ஒரு வெஞ்சனமும் செய்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவாள். போலீஸ்காரன் உடுப்புக் கூட அவள் தைத்ததுதான். நிறம் சரியாக இல்லை. கறுப்பு வெள்ளையில யாருக்குத் தெரியப்போகுது என்றார் ரங்கசாமி.

கதை இதுதான். ஓடிவந்த பிள்ளைகள் ஒரு கிட்டங்கியில் ஒளிந்து படுத்திருக்கிறார்கள். அங்கே ஒரு கொலை நடக்கிறது. கொலைகாரன் பெரிய மனுசன். பழியைப் பிள்ளைகள்மேல் போட்டுவிடுகிறான். போலீஸ் ஒருபக்கம் விரட்ட, அவன் ஆட்கள் ஒருபக்கம் விரட்ட, திருடித் தின்றும் ஒளிந்தும் ஓடுகிற அந்தக் கூட்டம் கடைசியில் அவனை அதே கிட்டங்கிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது. போலீஸ் வந்து சேரும்போது பிள்ளைகள் இல்லை. நகர்ந்துகொண்டிருக்கிற சரக்கு வண்டியின் கூரைமேல் அவர்கள் உட்கார்ந்து போகிறார்கள். படம் முடிந்தது.

பார்த்த விநியோகஸ்தர் முடிவு சரியில்லை என்றார். "பசங்க திருடியிருக்காங்கய்யா. ஒண்ணு ஜெயிலுக்குப் போகணும். இல்லேன்னா அப்பா அம்மா கால்ல விழுந்து அழணும். ஒரு ரீலு எடுத்து ஒட்டிக் குடுங்க, நான் வாங்கிக்கிறேன்."

"இவங்கள ஓடவச்சவங்கள்ல யாராச்சும் அழுதாங்களா?" என்று கேட்டார் ரங்கசாமி. "அப்புறம் இந்தப் பயலுக எதுக்கு அழணும்?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். தான் வேலை பார்த்த கொட்டகையிலேயே சில நாள் ஓட்டினார். சின்னாளபட்டியே திரண்டு வந்தது. சேதுபதியும் வந்தார். திரையில் தன் மகன் ஒரு பலகாரக்கடைப் பின்கதவை நெம்புவதை ஊரோடு சேர்ந்து பார்த்தார். இடைவேளை விட்டதும் புரொஜக்டர் அறை வாசலில் நின்று கத்தினார்: "எம் பிள்ளையத் திருடன்னு ஊருக்குக் காட்டிட்டியேடா! இனிமே நீ எங்கூடப் பொறந்தவன் இல்ல."

ரங்கசாமி அடுத்த ரீலை மாட்டினார்.

தகவல் பரவியதும் உறவுக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களைச் சேதுபதி வாசலிலேயே நிறுத்தி ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தெருவின் எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார்கள். பெண்கள் மட்டும் உள்ளே வந்து, கட்டி அழுதுவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். நாவிதர் வரவில்லை. பந்தல்காரனும் வரவில்லை. ஒரு உறவுக்காரி போகிறபோக்கில் அவள் காதில் சொன்னாள்: "ஏத்தா, வீம்பு பண்ணாத. பொணத்த வச்சுக்கிட்டா வீம்பு? பெரியவரு காலப் புடிச்சிரு. சின்னப்பய வந்து கொள்ளிய வச்சா உனக்கென்ன குறைஞ்சுபோச்சு?"

"எனக்கு ஒண்ணும் குறையலக்கா. இவருக்குக் குறையும்."

சனாவுல்லா ஓடைக்கரைக்குப் போய்ப் பச்சை மூங்கிலும் தென்னையோலையும் கொண்டுவந்து போட்டான். பாடையை எப்படிக் கட்டுவதென்று அவனுக்கும் தெரியாது, பேச்சாயிக்கும் தெரியாது. இரண்டு பேரும் மூங்கிலைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்தார்கள்.

"எங்கள்ல பள்ளிவாசல்ல இருந்து சந்தூக்குப் பொட்டி வந்துரும். இந்தக் கருமம் கட்டுற வேலையெல்லாம் இல்ல" என்றான் சனாவுல்லா.

"ஏணி கட்டுற மாதிரி கட்டுடா. இம்புட்டுத்தான" என்றாள் பேச்சாயி. "அண்ணே படத்துல கிட்டங்கி ஏறக் கட்டுனோம்ல."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கயிற்றை இழுத்து முடிந்தான். வேப்பமரத்தடியில் நின்ற கூட்டம் அவர்கள் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றது. அதில் பாடை கட்டிக் கைபழகியவர்கள் நாலைந்து பேராவது இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

வெயில் உச்சிக்கு வந்து இறங்க ஆரம்பித்தது. ரங்கசாமியின் கால்மாட்டில் எறும்பு ஊர்ந்தது. சொர்ணலட்சுமி மஞ்சள்தூளை எடுத்துச் சுற்றிலும் தூவினாள். முத்துச்சாமி காய்கறி லாரியில் கிளீனராக இருந்தான். இன்றைக்கு ஒட்டன்சத்திரம் சந்தையில் இருப்பானா, பழனியைத் தாண்டிப் போயிருப்பானா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்தமாதிரி உட்கார்ந்திருந்தாள். சேதுபதி இரண்டுமுறை ஆளனுப்பினார். பொழுது சாய்ந்தால் பிறகு தூக்க முடியாது, இப்போதாவது சம்மதம் சொல்லு என்று. இரண்டுமுறையும் அவள், "செத்த நேரம் பொறுக்கச் சொல்லுங்க" என்றாள்.

இரண்டாவது ஆள் போனபிறகு பேச்சாயி மெதுவாகக் கேட்டாள். "மதினி, ஒருவேள அவன் வரலேன்னா?"

"நான் வைப்பேன்."

"பொம்பளையா?"

"நீ ரெண்டு வருசம் ஆம்பளையா இருந்தீல்ல? நான் ஒரு நாளைக்கு இருந்துட்டுப் போறேன்."

பேச்சாயி சிரித்துவிட்டாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகத் திரும்பிற்று. காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்படி வாய்விட்டு அழவில்லை.

லாரி தெருமுனையில் நின்ற சத்தம் அப்போதுதான் கேட்டது. தெருவுக்குள் நுழைய முடியாத அகலம். கீரனூரில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தவனைக் காஸ்பார் தேடிப் பிடித்திருக்கிறான். டிரைவர் பாதி லோடோடு வண்டியைத் திருப்பியிருக்கிறார். முன்னால் காஸ்பார் வந்தான். பின்னால் டிரைவர், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் முத்துச்சாமி.

ஓடிப்போன நாளுக்குப் பிறகு அவன் அந்தத் தெருவுக்குள் பகலில் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. சித்தப்பாவைப் பார்க்க வருவதெல்லாம் கொட்டகைக்குத்தான். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். காக்கிச் சட்டை முழுக்கப் புழுதி. வேப்பமரத்தைத் தாண்டும்போது தலையைத் தூக்கவுமில்லை, குனியவுமில்லை. நேரே உள்ளே வந்து சித்தப்பாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

"சித்தி, நேத்துக்கூட இந்தப் பக்கமாத்தான் வண்டி போச்சு. எறங்கல."

"இப்ப வந்துட்டீல்ல. எந்திரி, பொழுதாகுது. குளிச்சுட்டு வா."

கொள்ளி வைக்கிறவன் வாசலில் நின்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வெற்றுடம்பாக வரவேண்டும். சனாவுல்லா குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். முத்துச்சாமி வாசலுக்கு வந்தான். சட்டையின் மேல்பொத்தானில் கை வைத்தான். எதிரே தெரு முழுக்க நிற்கிறது. கை அப்படியே நின்றுவிட்டது.

"சித்தி, சட்டையோட ஊத்திக்கிறேனே."

அந்தக் குரல் சொர்ணலட்சுமிக்குப் பழக்கமான குரல். படத்தில் ஒரு கிணற்றுக் காட்சி உண்டு. துரத்துகிறவர்களிடமிருந்து தப்பிய பிள்ளைகள் தோட்டத்துக் கிணற்றில் குதித்துக் கும்மாளம் போடுவார்கள். எல்லோரும் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் குதிக்க வேண்டும். பெண்ணென்று ரங்கசாமிக்குத் தெரிந்துபோயிருந்ததால் பேச்சாயியைக் காவலுக்கு நிற்கிறமாதிரி மேலே நிறுத்தியாகிவிட்டது. முத்துச்சாமி மட்டும், சட்டையோடே குதிக்கிறேனே என்று கழற்றாமல் நின்றான். காமிராக்காரர், வெளிச்சம் போகுது, கழட்டச் சொல்லுங்க என்று அவசரப்படுத்தினார். சோற்று அண்டாவோடு அன்று அவளும் அங்கே இருந்தாள். ரங்கசாமி பையன் பக்கத்தில் போய் நின்றார். பிறகு காமிராக்காரரிடம் சொன்னார்: "அவன் சட்டையோடயே குதிக்கட்டும்." வீட்டுக்கு வரும்போது வண்டியில் அவளிடம் மட்டும், "ஊரு பாக்குற படம். எங்க அண்ணனும் மனுசந்தான், நாளைக்கு இந்த ஊர்ல நடமாடணும்ல" என்றார்.

வேப்பமரத்தடியிலிருந்து சேதுபதி தெருவின் நடுவுக்கு வந்துவிட்டார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா வந்த? திருட்டுப் பயலுகளக் கூட்டி வச்சு எம் மானத்த வாங்குனான் அவன். செத்த பிறகும் விடமாட்டேங்கிறா இவ. இவன் நெருப்பு வச்சா இந்தத் தெருவுல ஒருத்தன் தோள் குடுக்கமாட்டான். பாத்துருவோம்."

சொர்ணலட்சுமி முற்றத்தைத் தாண்டி வாசற்படியில் வந்து நின்றாள்.

"மச்சான், நீங்க படம் பாத்தீங்கள்ல?"

"அந்தக் கண்றாவிய..."

"பாத்தீங்கள்ல. கிணத்துல எல்லாப் பயலும் சட்டையக் கழட்டிட்டுக் குதிச்சாங்களே, ஒருத்தன் மட்டும் ஏன் சட்டையோட குதிச்சான்? ஊருக்குத் தெரியல. காமிரா புடிச்சவருக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும்."

சேதுபதி தோள்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உங்க தம்பி உங்க மானத்த வாங்கல. மறைச்சாரு. கொட்டாய்ல எல்லார் முன்னாடியும் நீங்க அவரப் பேசுனப்பயும் மறைச்சாரு. சாகுற வரைக்கும் மறைச்சாரு." அவள் முத்துச்சாமியின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "இனிமே மறைக்க ஆளில்ல அப்பு. கழட்டு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். அவசரப்படவில்லை. சட்டையைக் காஸ்பார் கையில் கொடுத்துவிட்டு, சாவு கிடந்த வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றான். தெருவுக்கு அவன் முதுகு தெரிந்தது. தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை குறுக்கும் நெடுக்குமாகச் சூட்டுத் தழும்புகள். பையன் வளர வளர அவையும் கூடவே நீண்டு இழுபட்டு வளர்ந்திருந்தன. தறியில் பாவு நூலை அறுத்துவிட்டான் என்பதற்காக, அடுப்பில் காய்ச்சிய கம்பியால் அப்பன் போட்டது. வேப்பமரத்தடியில் ஒரு பெண் "ஆத்தீ" என்றாள்.

"ஊத்துடா" என்றான் முத்துச்சாமி.

சனாவுல்லா குடத்தைக் கவிழ்த்தான்.

தூக்க நாலு தோள் வேண்டும். காஸ்பார் ஒன்று, சனாவுல்லா ஒன்று. டிரைவர் யாரையும் கேட்காமல் வந்து மூன்றாவது முனையைப் பிடித்தார். நாலாவது முனை தரையில் கிடந்தது. பேச்சாயி சேலையை வரிந்து இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"ஏ புள்ள, பொம்பள தூக்கக் கூடாது" என்று மரத்தடியிலிருந்து யாரோ சொன்னார்கள்.

"அப்ப நீங்க வாங்க" என்றாள் பேச்சாயி. யாரும் வராததால் தூக்கினாள்.

சொர்ணலட்சுமி பின்தெருப் பக்கம் திரும்பவிடவில்லை. "பஜார் வழியா போங்க" என்றாள். முன்னால் முத்துச்சாமி தீச்சட்டியோடு நடந்தான். பாடையை ஒட்டி அவள் நடந்தாள். தெருமுனையில் நின்றுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நிற்கவில்லை. மேளமில்லை, சங்கில்லை. சேலைக் கடைகளில் சுங்குடியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் கையோடு எழுந்து நின்றார்கள். டீக்கடையில் ரேடியோவை அணைத்தார்கள். பல பேருக்கு முத்துச்சாமியின் முகம் எங்கோ பார்த்த முகமாக இருந்தது. அவன் கடந்துபோன பிறகு முதுகைப் பார்த்தவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவர் கடையோரம் நின்றிருந்தார். "கூட்ஸ் வண்டிப் பயலுக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் சேர்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும் பேச்சாயியிடமிருந்து அந்த முனையை வாங்கிக்கொண்டார். அவள் விட மனமில்லாமல் விட்டாள். தோள் சிவந்து போயிருந்தது.

ஓடைக்கரையில் வெட்டியான் கட்டை அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாவிதர் உட்கார்ந்திருந்தார். தெருவழியே வராமல் தோட்டத்துப் பாதையாக வந்திருக்கிறார். முத்துச்சாமிக்கு மொட்டை போட்டு, மண்குடத்தைத் தோளில் ஏற்றி, சுற்றிவரச் சொல்லி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளை போட்டார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவன் முதுகில் வழிந்தது. நாவிதர் அந்த முதுகைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வாய்க்கரிசி போடும்போது காஸ்பார் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். சனாவுல்லா உள்ளங்கைகளை விரித்துத் தனக்குத் தெரிந்ததை முணுமுணுத்தான். வெட்டியான், "எல்லாச் சாமிக்கும் சொல்லியாச்சா, அப்பச் சரி" என்றான். பரிகாசமாகச் சொல்லவில்லை.

சொர்ணலட்சுமி முகத்தை மூடுமுன் தாடைக் கட்டை அவிழ்த்தாள். வாய் திறக்கவில்லை, இறுகியிருந்தது. பல்வலிக்காரன் முகம் போய் ரங்கசாமியின் முகம் வந்திருந்தது. "ம்" என்றாள். வெட்டியான் வரட்டியை எடுத்து முகத்தின் மேல் வைத்தான்.

முத்துச்சாமி கொள்ளியை வாங்கினான். அழவில்லை. சிதைக்கு முதுகைக் காட்டி நின்று கையைப் பின்னால் நீட்டி வைத்தான். காற்று நல்ல திசையில் இருந்தது. ஓலை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"பிடிச்சிருச்சு. கெளம்புங்க" என்றான் வெட்டியான். "திரும்பிப் பாக்காமப் போங்க. யாரும் திரும்பக் கூடாது. ஆத்தா, நீயுந்தான்."

கரையேறும் ஒற்றையடிப் பாதையில் அவர்கள் வரிசையாக நடந்தார்கள். முன்னால் முத்துச்சாமி. காஸ்பார் அவன் சட்டையை நீட்டினான். அவன் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான், மாட்டவில்லை. டிரைவர் லாரியில் கிடக்கிற தக்காளியைப் பற்றிக் கவலையோடு ஏதோ கேட்டார். சனாவுல்லா பதில் சொன்னான். பாதை திரும்புகிற இடத்தில், கருவேலம்புதர்களுக்குப் பின்னால் யாரோ நின்று விலகியதுபோல் இருந்தது. முன்னால் போனவர்கள் கவனிக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனபிறகு சொர்ணலட்சுமி நின்றாள்.

"மதினி, பாக்கக் கூடாதாம்" என்றாள் பேச்சாயி, முன்னே பார்த்தபடியே.

"நீ போ, வாரேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

வெட்டியான் ஓடைத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தான். தீ நன்றாக எழும்பியிருந்தது. அதன் பக்கத்தில், நெசவாளர் சங்கத் தலைவர் சேதுபதி தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டில்லை. அடுக்கிலிருந்து ஒரு கட்டை சரிந்து வெளியே விழுந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்து ஒரு கம்பைத் தேடியெடுத்து, அந்தக் கட்டையை மெல்ல மெல்ல நெருப்புக்குள் தள்ளினார்.

சொர்ணலட்சுமி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, எட்டி நடந்து, முன்னால் போனவர்களைப் பிடித்தாள்.

"யாரு சித்தி அங்க?" என்றான் முத்துச்சாமி.

"காத்து நல்லா இருக்கு" என்றாள். "நட."